குவார்ட்ஸ் குரோனோகிராஃப் வாட்சில் பூஜ்யம், தேதி, நேரம் வைப்பது: முழுமையான வழிகாட்டி

ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்சைத்தான் குரோனோகிராஃப் என்கிறோம்; பேட்டரியில் ஓடினால் குவார்ட்ஸ். அதை முதல்முறை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். போனைப் பார்த்து நேரத்தை நொடி பிசகாமல் வைத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் நடுவில் இருக்கும் நீள முள் 12-இல் நிற்காமல் ஓரிரண்டு கோடு தள்ளி நிற்பது கண்ணில் படுகிறது. அதைச் சரிசெய்ய கிரௌனை இழுத்ததும் வாட்ச் நின்றுவிடுகிறது. கஷ்டப்பட்டு வைத்த நேரம் போயிற்று.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஸ்டாப்வாட்ச் முட்களின் பூஜ்யம், பிறகு நள்ளிரவு எது என்று கண்டுபிடிப்பது, அதன்பின் தேதி, கடைசியில் நேரம். எந்த நிறுவனத்தின் வாட்சாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதுதான் மாறும்.

கீழே 'கிரௌன்' என்று சொல்வது நேரம் வைக்க இழுக்கும் திருகை. அதற்கு மேலே, 2 மணி பக்கம் இருப்பது மேல் பட்டன். கீழே, 4 மணி பக்கம் இருப்பது கீழ் பட்டன்.

1. உள்ளே இருக்கும் மெஷின் எது?

டயலில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு செய்முறை தேடினால் வழி தவறும். ஒரே நிறுவனம் பல மெஷின்களைப் போடுகிறது. ஒரே மெஷின் பல நிறுவனங்களின் வாட்சில் இருக்கிறது. செய்முறை மெஷினைப் பொறுத்தது.

சீக்கோ வாட்ச் என்றால் பின்மூடியில் எண் இருக்கும். இடையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு முன்னால் வரும் நான்கு எழுத்துதான் மெஷின் எண். 7டி92 (7T92) என்று இருந்தால் அது மெஷின், பின்னால் வருவது கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். மற்ற பல நிறுவனங்கள் மூடியில் போடுவதில்லை. வாட்சோடு வந்த கையேட்டிலோ, விற்பனைப் பக்கத்தின் விவரப் பட்டியலிலோ 'மியோட்டா', 'ரோண்டா', 'விகே63' என்று மெஷின் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒன்று: உங்களுடையது முழு குவார்ட்ஸா, மெக்கா-குவார்ட்ஸா? ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கீழ் பட்டனால் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். முள் விறுவிறுவென்று சுற்றி வந்து நின்றால் முழு குவார்ட்ஸ். பட்டனை அழுத்திய கணமே 'டக்' என்று 12-க்குத் தாவினால் மெக்கா-குவார்ட்ஸ். சீக்கோ குழுமத்தின் விகே63, விகே64 இரண்டும் இந்த வகை. இவற்றில் ஸ்டாப்வாட்ச் முள் நொடிக்கு ஐந்து அடியாக நகர்வதால் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். இந்த வகைக்கு ஆறாம் படி பொருந்தாது. காரணம் அங்கேயே வருகிறது.

2. உட்காரும் முன்

பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஆரம்பித்து அரை மணி நேரம் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும் நொடி முள் ஒவ்வொரு நொடியும் நகராமல் இரண்டு நொடிக்கு ஒருமுறை இரண்டு கோடு தாவினால், பேட்டரி தீரப்போகிறது என்று வாட்சே சொல்கிறது. ரோண்டா 5030.டி (5030.D) மெஷினில் இந்தத் தாவல் நான்கு நொடிக்கு ஒருமுறை. அந்த நிலையில் பூஜ்யம் வைத்தால் நிற்காது. பேட்டரியை மாற்றிவிட்டு வாருங்கள்.

மாற்றும்போது சில்வர் ஆக்சைடு செல்தானா என்று கேட்டு வாங்குங்கள். எண் 'எஸ்ஆர்' என்று தொடங்கும், விகே63-க்கு எஸ்ஆர்936எஸ்டபிள்யூ. அதே அளவில் 'எல்ஆர்' அல்லது 'ஏஜி' என்று தொடங்கும் அல்கலைன் செல்லும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் சில்வர் ஆக்சைடு தீரும்வரை ஏறத்தாழ 1.55 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அல்கலைனில் வோல்ட் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஒரு மோட்டார் மட்டும் உள்ள சாதா வாட்ச் அதைத் தாங்கிக்கொள்ளும். பல மோட்டார் உள்ள குரோனோகிராஃபில் ஸ்டாப்வாட்ச் முட்கள்தான் முதலில் தடுமாறும்.

சோலார் வாட்ச் என்றால் முதலில் நல்ல வெளிச்சத்தில் வைத்து, நொடி முள் ஒவ்வொன்றாக நகரும்வரை காத்திருங்கள். கார் டேஷ்போர்டில் வெயிலில் போட வேண்டாம், சூடு வாட்சுக்கு ஆகாது.

இன்னும் வேண்டியவை: நேராக விழும் வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி அல்லது போன் கேமராவின் ஜூம், நொடி காட்டும் ஒரு நம்பகமான கடிகாரம். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும்படி வைத்த போன் போதும். இந்திய நேரத்தைப் பராமரிப்பது புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் இணையதளத்திலும் நொடியோடு பார்க்கலாம். டிவி செய்தியின் மூலையில் ஓடும் கடிகாரத்தை வைத்துச் செய்யாதீர்கள். செயற்கைக்கோள் வழியோ செட்டாப் பாக்ஸ் வழியோ வரும்போது சில நொடிகள் தாமதமாகிவிடும்.

கை ஈரமில்லாமல் இருக்கட்டும். கிரௌனை இழுத்த நிலையில் வாட்சுக்குள் தண்ணீர் போக வழி திறந்திருக்கிறது. புது வாட்ச் என்றால் கிரௌனுக்கு அடியில் சின்ன பிளாஸ்டிக் துண்டு செருகியிருப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். "வாங்கியதிலிருந்து ஓடவே இல்லை" என்று வருகிற வாட்சுகளில் சிலவற்றின் கோளாறு அந்தத் துண்டுதான்.

3. எந்த முள் எதற்கு

"நொடி முள் ஓடவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் புகார். நடுவில் இருக்கும் நீள முள் ஸ்டாப்வாட்சுக்கு உரியது. அது 12-இல் சும்மா நிற்க வேண்டியதுதான். நேரத்தின் நொடி முள் ஏதோ ஒரு சின்ன டயலில் ஓடிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் 6 மணி பக்கம்.

வாட்ச் ஓடுவது தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்டாப்வாட்சை எப்போதும் ஓடவிட்டு வைப்பவர்கள் உண்டு. கையேட்டில் போட்டிருக்கும் பேட்டரி ஆயுள், ஸ்டாப்வாட்ச் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஓடும் என்ற கணக்கில் போட்டது. நாள் முழுக்க ஓடவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது.

24 வரை எண் போட்ட சின்ன டயல் இருந்தால் அது பகலா இரவா என்று காட்டுவது. மணி முள்ளோடு பல் சக்கரத்தால் பிணைந்தது. அதைத் தனியாக வைக்க முடியாது, வைக்க முயலவும் வேண்டாம். மணியைச் சரியான பாதி நாளில் வைத்தால் அது தானாகச் சரியாகிவிடும்.

நொடியின் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு காட்டும் முள் சில வாட்சில் இருக்கும். ஸ்டாப்வாட்ச் ஓடும்போது அது அசையாமல் இருக்கலாம், அல்லது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடலாம். நிறுத்தும்போது மட்டும் சட்டென்று தன் இடத்துக்குப் போய்க் காட்டும். இது பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, பழுதில்லை.

விகே64-இல் ஓடும் நொடி முள்ளே கிடையாது. வாட்ச் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் காத்திருந்து நிமிட முள்ளைத்தான் கவனிக்க வேண்டும்.

4. ஸ்டாப்வாட்சை நிறுத்தித் திருப்புங்கள்

கிரௌனைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். ஸ்டாப்வாட்ச் ஓடும்போதே கிரௌனை இழுத்தால் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். 7டி92 தானாகவே முட்களை 12-க்குத் திருப்பிவிடும். எல்லா மெஷினும் அவ்வளவு சமர்த்து இல்லை.

கிரௌன் உள்ளே அழுத்திய நிலையில் இருக்கட்டும். முள் ஓடிக்கொண்டிருந்தால் மேல் பட்டன் (நிற்கும்), அப்புறம் கீழ் பட்டன் (திரும்பும்).

முள் எங்கோ நின்றிருக்கிறது, ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை என்றால் கீழ் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 12-க்குத் திரும்பினால் சரி. அதற்குப் பதிலாக வேகமாக முன்னே ஓடி, பிறகு சாதாரணமாக நொடி நொடியாக நகர ஆரம்பித்தால் அது இடைநேரம் காட்டும் நிலையில் இருந்திருக்கிறது. ஓடும்போது கீழ் பட்டனை அழுத்தினால் முள் மட்டும் நின்று அந்தக் கணத்தைக் காட்டும், உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது மேல் பட்டன், பிறகு கீழ் பட்டன்.

பட்டன் அழுந்தவே இல்லையா? பலம் கொடுக்காதீர்கள். பட்டனைச் சுற்றித் திருகு வளையம் இருக்கிறதா பாருங்கள். நீரில் மூழ்க ஏற்றதாகச் செய்த சில வாட்சில் கிரௌன், பட்டன் இரண்டுக்குமே திருகுப் பூட்டு உண்டு. இடப்பக்கமாகத் திருகித் தளர்த்திய பிறகே வேலை செய்யும்.

5. பூஜ்யம் உண்மையிலேயே தவறா?

இங்கே அவசரப்பட வேண்டாம். வாட்சை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நேர் மேலிருந்து பாருங்கள். முள்ளுக்கும் டயலுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் சாய்வாகப் பார்த்தால் 12-இல் இருக்கும் முள்ளே அரைக் கோடு தள்ளித் தெரியும். பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது முள்ளின் நுனியை மட்டும் பார்க்காமல் பின்பக்க வாலையும் பாருங்கள். நுனி 12-லும் வால் 6-லும் ஒரே கோட்டில் விழுந்தால் நீங்கள் நேராகத்தான் பார்க்கிறீர்கள்.

பிறகு ஓடவிட்டு, நிறுத்தி, திருப்புங்கள். இதை நாலைந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தவறான இடத்தில் வந்து நின்றால் அது அடுத்த படியில் சரியாகும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் முள் தளர்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி பலவீனம். அதைப் பட்டனால் சரிசெய்ய முடியாது.

ஒரே இடத்தில் தவறுவது ஏன்? முழு குவார்ட்ஸில் முள் எங்கே இருக்கிறது என்று பார்க்க உள்ளே கண் எதுவும் இல்லை. மோட்டாருக்கு எத்தனை துடிப்பு அனுப்பினோம் என்று மட்டும் சிப் எண்ணிக்கொண்டிருக்கும்; கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பவரைப் போல. பலமான அடி, ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு, மூடியில் காந்தம் வைத்த போன் கவர், பேட்டரி மாற்றம் என்று ஏதோ ஒன்றில் முள் ஓர் அடி தவறினாலும் சிப்புக்குத் தெரியாது. பழைய கணக்கிலேயே திருப்பிக்கொண்டிருக்கும். அடுத்த படியில் நாம் செய்வது, முள்ளை 12-இல் நிறுத்தி "இதுதான் பூஜ்யம்" என்று அந்தக் கணக்கைத் திருத்துவது.

6. பூஜ்யம் வைப்பது

கிரௌனை நகத்தால் நேராக இழுங்கள். முதல் கிளிக் தேதி, இரண்டாவது கிளிக் நேரம். பெரும்பாலான மெஷினில் பூஜ்ய வேலை இரண்டாவது கிளிக்கில். அங்கே வந்ததும் சின்ன நொடி முள் நின்றுவிடும், அதுவே சரியான இடத்துக்கு வந்துவிட்டதற்கு அடையாளம். சில மெஷினில் ஒரு முள்ளுக்கு முதல் கிளிக், இன்னொன்றுக்கு இரண்டாவது கிளிக் என்று பிரிந்திருக்கும், ஆகவே இரண்டிலும் முயன்று பாருங்கள்.

மூன்று பழக்கமான மெஷின்களில் இப்படி:

*மியோட்டா ஓஎஸ்20 குடும்பம்.* இரண்டாவது கிளிக்கில் மேல் பட்டனை ஒருமுறை தட்டினால் நடு முள் ஓர் அடி முன்னே போகும். அழுத்திப் பிடித்தால் விடாமல் ஓடும். ஸ்டாப்வாட்சின் நிமிட முள் இதோடு சேர்ந்தே நகரும், தனியாகப் பட்டன் கிடையாது. ஆகவே நிமிட முள் பல கோடு தள்ளி இருந்தால் நடு முள்ளைச் சுற்றுச் சுற்றாக ஓடவிட்டுத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருங்கள்.

*ரோண்டா 5030.டி.* இரண்டாவது கிளிக்கில் இரண்டு பட்டனையும் சேர்த்துக் குறைந்தது 2 நொடி பிடியுங்கள். நடு முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். திருத்தும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மேல் பட்டனைத் தட்டினால் ஓர் அடி, பிடித்தால் தொடர் ஓட்டம். கீழ் பட்டனை அழுத்தினால் அடுத்த முள்ளுக்குப் போகும். நடு முள், பத்தில் ஒரு நொடி முள், நிமிட முள் என்ற வரிசையில் வரும். கிரௌனை உள்ளே அழுத்தினால் முடிந்தது.

*சீக்கோ 7டி92.* இரண்டாவது கிளிக்கில் மேல் பட்டனை 2 நொடி பிடித்தால் ஒரு முள் முழுச் சுற்றுச் சுற்றும். "இப்போது என் முறை" என்று அந்த முள் சொல்கிறது. கீழ் பட்டனால் அதை 12-க்குக் கொண்டுவாருங்கள். மறுபடி மேல் பட்டனை 2 நொடி பிடித்தால் அடுத்த முள்ளின் முறை.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, முள் சுற்றும்போதே பட்டனைத் தட்டுவது. சுற்றி முடித்து நிற்கும்வரை கையை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, பூஜ்யத்தைத் தாண்டிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பப் பார்ப்பது. மேலே சொன்ன முறைகளில் முள் முன்னோக்கி மட்டும்தான் போகும். தாண்டினால் ஒரு சுற்று போய் வர வேண்டும். 58, 59 வந்ததும் அழுத்திப் பிடிப்பதை விட்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்.

நொடிக்கு ஓர் அடி வைக்கும் முள்ளின் அடி என்பது 6 டிகிரி. அது இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றிருந்தால் எத்தனை தடவை தட்டினாலும் நடுவிலேயேதான் நிற்கும். முள்ளை அச்சிலிருந்து எடுத்துத் திரும்பப் பொருத்துவதே வழி. அது கடை வேலை.

மெக்கா-குவார்ட்ஸ் விஷயத்துக்கு வருவோம். விகே63, விகே64-இல் முள்ளை 12-க்குத் திருப்புவது சிப் அல்ல. உள்ளே ஒரு சின்ன உலோகச் சுத்தியல் முள்ளின் அச்சை அடித்துத் தள்ளுகிறது. எண்ணிக்கை தவற அங்கே இடமில்லை. முள் 12-இல் நிற்கவில்லை என்றால் முள்ளே அச்சில் நழுவியிருக்கிறது. கிரௌனை எந்தக் கிளிக்கில் வைத்து எந்தப் பட்டனை அழுத்தினாலும் மாறாது. வேறு மெஷினுக்கு எழுதிய செய்முறையை இதில் போட்டுப் பார்த்து நேரம் வீணாக்காதீர்கள்.

எல்லா முள்ளும் பூஜ்யத்துக்கு வந்ததும் கிரௌனை உள்ளே அழுத்தி, ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நேரம் வைக்கும் முன் பார்ப்பதில்தான் லாபம். தவறு இருந்தால் இப்போது இழக்க ஒன்றுமில்லை.

7. நள்ளிரவைக் கண்டுபிடியுங்கள்

வாட்ச் 10:10 காட்டுகிறது. காலையா, இரவா? முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. 24 மணி டயல் இருந்தால் அதைப் பாருங்கள், இந்தப் படி ஒரு நொடியில் முடிந்தது.

இல்லாவிட்டால் இரண்டாவது கிளிக்கில் முட்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். ஒருமுறை 12-ஐக் கடந்தும் தேதி மாறவில்லையா, அது நண்பகல். தொடர்ந்து சுற்றுங்கள். தேதி மாறும் 12 நள்ளிரவு. சரியாக 12-இல் மாற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் முன்பின் இருக்கும். மாறியதும் அப்படியே முன்னே போய்க் காலை 6-இல் நிறுத்துங்கள்.

6 மணியில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

8. தேதி

கிரௌனை ஒரு கிளிக் உள்ளே தள்ளி முதல் கிளிக்குக் கொண்டுவாருங்கள். நொடி முள் மறுபடி ஓட ஆரம்பிக்கும். சற்று அதிகமாக அழுத்தி முழுக்க உள்ளே போய்விட்டால் பரவாயில்லை, ஒரு கிளிக் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் திருகினால் தேதி மாறும், மறுபக்கம் திருகினால் சும்மா சுற்றும் (கிழமையும் உள்ள வாட்சில் அது கிழமைக்கு). இன்றைய தேதியை வையுங்கள்.

வாட்ச் இரவு 9-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. சீக்கோ கையேடுகள் இந்த நேரத்தைத்தான் விலக்கச் சொல்கின்றன. அப்போது தேதியைத் தள்ளும் சக்கரத்தின் பல், தேதி வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்களும் கிரௌனால் தள்ளினால் மறுநாள் தேதி மாறாமல் போகலாம், பல்லுக்கும் கெடுதல். கவனியுங்கள், கணக்கு உங்கள் ஊரில் மணி என்ன என்பது இல்லை. வாட்ச் முள் காட்டும் மணி. நீங்கள் இரவு 11-க்கு உட்கார்ந்து செய்தாலும் முட்களைக் காலை 6-இல் நிறுத்திவிட்டதால் பயமில்லை.

இது வருடம் முழுக்க நினைவிருக்க வேண்டிய விஷயம். சாதாரண குரோனோகிராஃப் ஒவ்வொரு மாதத்துக்கும் 31 நாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடிந்ததும் கையால் மாற்ற வேண்டும். 1-ஆம் தேதி காலையில் காபி குடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். முந்தின இரவு படுக்கும் முன் மாற்றுகிறேன் என்று 11 மணிக்குத் திருகுவதுதான் ஆபத்து.

9. நேரம்

கிரௌன் முதல் கிளிக்கில் இருக்கிறது, சின்ன நொடி முள் ஓடுகிறது. அது பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் இரண்டாவது கிளிக்கு இழுங்கள். நொடி முள் பூஜ்யத்தில் நிற்கும். ஒரு நொடி தாண்டிவிட்டால் உள்ளே தள்ளி, அடுத்த சுற்றில் பிடியுங்கள். வேறெங்கோ நிற்கவிட்டால் நொடி முள் பூஜ்யத்துக்கு வரும்போது நிமிட முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கும். பிறகு எப்போது பார்த்தாலும் 5:42-ஆ 5:43-ஆ என்று ஐயம் வரும்.

இப்போது காலை 6 என்று நமக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் ஆகியிருந்தால் நண்பகல் 12-ஐக் கடந்து போங்கள், தேதி மாறாது. காலைதான் என்றால் கடக்காமல் வையுங்கள். அதிகாலை 6-க்கு முன்னால் செய்பவர்கள் மட்டும், தேதி வைக்கும் படியில் முந்தின நாளின் தேதியை வைத்துவிட்டு, இங்கே நள்ளிரவைக் கடந்து வர வேண்டும்.

போனில் வரப்போகும் நிமிடத்துக்கு வையுங்கள். போன் 5:41 காட்டினால் வாட்சில் 5:43. ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, காத்திருக்கலாம்.

நிமிட முள்ளை நேராக 43-இல் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். நான்கைந்து நிமிடம் தாண்டி 47, 48 வரை போய், பின்னோக்கித் திருப்பி 43-இல் நிறுத்துங்கள். சீக்கோ தன் கையேட்டில் சொல்லும் முறை இது. பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பல் சக்கரங்களுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். முன்னோக்கித் திருகி நிறுத்தினால், ஓட்டும் சக்கரம் அந்த இடைவெளியைக் கடந்து வந்து தொடும்வரை நிமிட முள் நகராது. வாட்ச் ஓடியும் முள் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பின்னோக்கித் திருப்பி நிறுத்தினால் பற்கள் முதலிலேயே ஒட்டி நிற்கும், ஓட ஆரம்பித்த உடனே முள்ளும் நகரும். சீக்கோவில் மட்டுமல்ல, மற்ற மெஷின்களிலும் நான் இதையே செய்கிறேன்.

போனில் 5:43:00 வந்ததும் கிரௌனை நேராக உள்ளே அழுத்துங்கள். சாய்வாக அழுத்தினால் அந்தக் கடைசிக் கணத்தில் நிமிட முள் லேசாக அதிர்ந்து இடம் மாறும். ஆள்காட்டி விரலைக் கிரௌன் மேல் வைத்து, கட்டைவிரலால் எதிர்ப்பக்கக் கேஸைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் நேராகப் போகும்.

திருகுப் பூட்டு உள்ள கிரௌன் என்றால், உள்ளே அழுத்தியபடியே வலப்பக்கம் திருகிப் பூட்டுங்கள். மரை மாறிப் பிடித்தால் உடனே தெரியும், இறுக்கமாக இருக்கும். பலவந்தம் செய்யாமல் இடப்பக்கம் சற்றுத் திருப்பி மரை உட்காரவிட்டுத் தொடருங்கள். இதை மறந்துவிட்டு அப்படியே கை கழுவப் போகிறவர்கள் அதிகம்.

வெளிநாடு போகும்போது ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. பெரும்பாலான குரோனோகிராஃபில் மணி முள்ளை மட்டும் தனியாகத் தாவ வைக்க முடியாது. துபாய்க்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூருக்கு இரண்டரை மணி முன்னால் என்று முட்களைச் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். இலங்கைக்கு மாற்றவே வேண்டாம்.

10. ஓடவிட்டுப் பாருங்கள்

வாட்ச் காட்டும் நிமிடமும் போனின் நிமிடமும் ஒன்றாக மாறுகிறதா பாருங்கள். பிறகு ஸ்டாப்வாட்சையும் போனின் ஸ்டாப்வாட்சையும் சேர்த்து ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒன்றாக நிறுத்துங்கள். கை வேகத்தால் அரை நொடிக்குள் வித்தியாசம் வரலாம். நிமிட முள் ஒரு முழுக் கோடு தவறினால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள். அன்றிரவு 12 தாண்டித் தேதி மாறுகிறதா என்று மறுநாள் காலை பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகலில் மாறியிருந்தால் காலை, மாலை புரண்டிருக்கிறது. 12 மணி நேரம் முன்னே சுற்றினால் போதும்.

டயலைச் சுற்றி 400, 200, 120, 60 என்று எண் இருந்தால் அது வேகம் பார்க்கும் அளவுகோல். அதில் வைப்பதற்கு எதுவுமில்லை. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 நொடி ஆனால் 3600-ஐ 45-ஆல் வகுத்து 80 என்று காட்டும், அவ்வளவுதான்.

11. ஒரு மாதம் கழித்து

7டி92-க்கு மாதம் 15 நொடி, விகே63-க்கு 20 நொடி கூடவோ குறையவோ போகலாம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. ஒரு நாளைக்கு அரை நொடி சொச்சம். இரண்டே நாளில் "ஒரு நொடி தள்ளிவிட்டது" என்று கிரௌனை இழுக்காதீர்கள். வாட்சையும் போனையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

அந்த மாதத்தில் வாட்ச் கையில் இருந்ததா, அலமாரியில் இருந்ததா என்பதும் கணக்கு. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில் சரியாக இருக்கும்படி வெட்டியது. அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் போகும், வேகமாகாது. மே மாத வெயிலில் வண்டியில் கிடந்த வாட்ச் பின்தங்கினால் ஆச்சரியமில்லை.

மாதத்துக்கு ஒரு நிமிடம் போல் வித்தியாசம் வந்தால் அது வெப்பத்தின் வேலை மட்டும் இல்லை, பேட்டரியையும் மெஷினையும் பார்க்க வேண்டும்.

12. கடைக்குக் கொடுக்க வேண்டியவை

பட்டன் உள்ளே போய் வெளியே வராமல் நிற்பது, கண்ணாடிக்கு உள்ளே ஈரப்பனி, முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்பது, மெக்கா-குவார்ட்ஸில் பூஜ்யம் தவறுவது, பேட்டரி மாற்றியும் முட்கள் தாறுமாறாக நடப்பது. இவற்றை வீட்டில் முயல வேண்டாம். ஈரப்பனி தெரிந்தால் அன்றே கொடுங்கள், காத்திருக்கக் காத்திருக்க உள்ளே துரு ஏறும்.

கடைசியில் சொன்னதற்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். சீக்கோவின் பல மெஷின்களில் 'ஏசி' என்று குறித்த ஒரு சின்னத் தொடுபுள்ளி இருக்கும். பேட்டரி மாற்றியதும் உலோக இடுக்கியால் அந்தப் புள்ளியையும் பேட்டரியின் பிளஸ் பக்கத்தையும் சில நொடி சேர்த்துத் தொட வேண்டும். சிப் தன் பழைய கணக்கை மறந்து புதிதாகத் தொடங்க அது அவசியம். அவசரத்தில் இதை விட்டுவிடும் கடைகள் உண்டு. "ஏசி ரீசெட் செய்தீர்களா அண்ணா?" என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். செய்யவில்லை என்றால் மூடியைத் திறந்து செய்துவிடுவார். அதன்பின் பூஜ்யம் கட்டாயம் கலைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து நான்காம் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.